டிரில் மாஸ்டர் வீட்டுச் சாப்பாடு

என் கணவர் முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கும் ஊருக்கும் டிரில் மாஸ்டர். மற்ற டிரில் மாஸ்டர்கள் கழுத்தில் விசில் தொங்கும். இவருக்கு அது தொங்காது, வயிற்றின் மேல் படுத்திருக்கும். "ஏலே, முட்டிய மடக்காம குனிஞ்சு காலத் தொடுலே" என்று மைதானத்தில் கத்துகிற மனிதருக்குத் தன் கால்விரலைப் பார்க்க வேண்டுமென்றால் உட்கார வேண்டும்.

அவரை மட்டும் சொல்லி என்ன. நான் நீதிமன்ற அலுவலகத்தில் தட்டச்சர். ஊரார் சண்டையையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் அடித்து அடித்து, நாற்பத்தெட்டு வயதில் எண்பத்து மூன்று கிலோ ஆகியிருந்தேன். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுகொண்டு, கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் நடிப்பேன். மூச்சு திரும்பி வந்ததும் தேடியது கிடைத்துவிட்ட முகத்தோடு மீதிப் படிகளை ஏறுவேன். இரண்டு வருஷம் இந்த நாடகம் நடந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டிவலிக்காகப் போன இடத்தில் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். காலையில் இரண்டு காப்பி, நாலு இட்லி, அலுவலகத்தில் பதினோரு மணிக்கு வடை, மதியம் சோறு, சாயங்காலம் மறுபடியும் காப்பி, மிக்சர், ராத்திரி நெய்தோசை. ஞாயிற்றுக்கிழமை கறி. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதுல எது உங்களுக்குப் பசிச்சு சாப்பிட்டது?" என்றார். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. மூன்று மாதம் கழித்து வாங்க, அதுவரை நடங்க, வெள்ளைச் சோறு, சீனி, கறி எல்லாவற்றையும் நிறுத்துங்க என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பாளையங்கால்வாய்க் கரையில் நடக்கத் தொடங்கினேன். கரை என்றால் ஏதோ அழகான இடம் என்று நினைக்க வேண்டாம். ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான். ஆற்றிலிருந்து அத்தனை நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து, ஊருக்குள் நுழைந்ததும் அதில் சாக்கடையைக் கலந்துவிட்டு, அதன் கரையிலேயே கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்யும் பெரிய மனிதர்களை அங்கே தினமும் பார்க்கலாம். இழுத்து இழுத்து எதை உள்ளே விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கறியை விட்டது எளிதாக இருந்தது. பாலை விட்டதற்குக் காரணம் டாக்டரம்மா அல்ல. நடக்கிற வழியில் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் தொழுவம் இருந்தது. ஒருநாள் காலையில் அங்கே மாட்டைக் கறந்துகொண்டிருந்தார். மாட்டின் முகத்துக்கு நேராக ஒரு கன்றுக்குட்டி. அசையாமல் நிற்கிறதே என்று கிட்டே போய்ப் பார்த்தால், செத்துப்போன கன்றின் தோலை உரித்து உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டிருந்தது. காதை, கழுத்தை, தையல் போட்ட வயிற்றை. நக்க நக்கப் பால் சுரந்தது. பால்காரர் என்னைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குக் கூடுதலா ஊத்தணுமா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பால், தயிர், மோர், நெய் எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பதற்குத் தகுந்த ஆட்களாகத்தான் என்னைச் சுற்றி வைத்திருந்தேன். கொழுப்பு அதிகம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னால் போதும், தலையாட்டுவார்கள். கருணையைவிட நோய்க்கு நம் ஊரில் மரியாதை அதிகம்.

சாப்பாடு என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. கம்பு, குதிரைவாலி, காணம் என்கிற கொள்ளு, சிறுபயறு, கீரை, வாழைத்தண்டு, எள்ளு, நிலக்கடலை, பழம். தேங்காயை அரைத்துப் பாலெடுத்துச் சொதி. காலையில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. எண்ணெய் பேருக்கு. ஆனால் இதற்குள் இந்த ஊரில் இதற்கு 'வீகன்' என்று பேர் வந்து, அதற்கு ஒரு வட்டமும் உண்டாகியிருந்தது. அலுவலகத்தில் ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள் நடைப்பயிற்சிக்குக் காரில் வந்து இறங்கினார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து பத்து நிமிஷம் சிரித்தார்கள். அதுவும் பயிற்சியாம். பிறகு தலைவர் எழுந்து, பால் குடிப்பவர்கள் எல்லாம் மந்த புத்திக்காரர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் வெளிநாட்டுப் பாதாம்பால் டப்பாவும், ஏதோ பச்சைப் பொடியும் மேசையில் அடுக்கினார்கள். முருங்கைக்கீரைப் பொடி. மண்டபத்துக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு முருங்கைமரம் பறிக்க ஆளில்லாமல் பூவும் இலையுமாகச் சாய்ந்து கிடந்தது. நான் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

நடை மூன்று மாதத்தில் ஓட்டமானது. முதலில் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை. பிறகு இரண்டு. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக ஐம்பதை நெருங்குகிற பொம்பளை கரையில் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏ, டிரில் மாஸ்டர் பொண்டாட்டிய நாய் வெரட்டுதுலா" என்றார். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. ஆளுக்கொரு கையில் பீடி. அதிலே இரண்டு பேர் சிரித்து இருமி, இருமல் நிற்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். நன்றாக இருமட்டும் என்று தோன்றியது.

அலுவலகம் அதைவிட மோசம். பதினான்கு கிலோ குறைந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பாள். "அக்கா, சுகரா?" இல்லை. "தைராய்டா?" இல்லை. பிறகு கேட்க மாட்டாள்; பார்வை மட்டும் பெரிதாகும். நான் நல்ல உடம்போடுதான் இருக்கிறேன் என்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஒரு பெரிய வியாதி இருந்திருந்தால் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கே வந்து அன்பைக் கொட்டியிருப்பார்கள்.

இப்படி எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு திரிந்த நாளில்தான் அலுவலகம் கூட்டுகிற அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வண்ணார்பேட்டையிலிருந்து அவள் நடந்தே வருவாள், நடந்தே போவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். காய்ந்த சுள்ளிபோல இருப்பாள். ஒருநாள் மதியம் அவள் தூக்குவாளியைத் திறந்தபோது கம்மங்கஞ்சியும் கீரையும் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, இதுதான் சரியான சாப்பாடு. நடந்து வேற வாற. இத விட்டுறாத. நான் கறி, பால் எல்லாத்தையும் விட்டுட்டேன் தெரியுமா?" என்று தொடங்கி வளர்த்துக்கொண்டே போனேன். அவள் கஞ்சியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எம்மா, நீங்க சொல்லுத கம்பயும் கீரையையும் தின்னு தின்னுதான் நான் இந்த லெச்சணத்துல கெடக்கேன். ஞாயித்துக்கெழம எம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு கறி வைக்கணும்னு ஆறு நாளும் இங்கன குனிஞ்சு பெருக்குதேன். நீங்க வேண்டாம்னு தள்ளிட்டு, அத எங்கிட்டயே வந்து பெருமையாச் சொல்லுதிய. பஸ்சுல வர எனக்கு ஆச இல்லன்னு நெனச்சியளா?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குடிக்கத் தொடங்கினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, அடித்த தாளையே மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துத் தலைவருக்கும் எனக்கும் ஒரு மேசை மட்டும்தான் வித்தியாசம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வெளியாட்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் நிறுத்தவில்லை.

வீட்டில் என் கணவர் முதல் சில மாதம் தனி ராஜ்யம் நடத்தினார். எனக்கொரு சட்டி, அவருக்கொரு சட்டி. இரண்டு சமையல் செய்து அலுத்துப்போய், ஒருநாள் நான் அவர் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் ஒரே உலை என்றேன். பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னையும் சட்டியையும் பார்த்தார். "சரிட்டி. நீ போடுதத தின்னுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அது மட்டுமில்லை, "நானும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கலாம்னு பாக்கேன்" என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவார். எட்டேகாலுக்கு வேர்த்து விறுவிறுத்து வருவார். நான் போடுகிற குதிரைவாலிச் சோற்றில் இரண்டு கரண்டி மட்டும் வாங்கிக்கொண்டு, "போதும், ராத்திரி வயிறு காலியாக் கெடந்தா நல்லதுன்னு நீதான சொன்ன" என்பார். அலுவலகத்தில் சாப்பாட்டுப் பேச்சை விட்டிருந்தாலும், மனுஷன் தினமும் நடக்கிறார் பாருங்கள் என்று பெருமை பேசினேன். எடை மட்டும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. வயசு என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன். நாள் முழுக்கப் பொய்சாட்சி வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறவளுக்கு, வீட்டில் நடப்பது எதுவும் கண்ணில் படவில்லை.

பத்து மாதம் இப்படிப் போனது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா வந்தது. மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், சிறப்பு விருந்தினர் வருவதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தவர், சுண்ணாம்புக் கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். "பயப்படாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்" என்று இடத்தைச் சொன்னார்.

வெளியே வந்தால் ஏதோ ஊர்வலம்; சாலை முழுக்க ஆட்டோவும் பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒன்றரை மைல் இருக்கும். பாளையங்கோட்டைத் தெருவில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு ஓடினேன்; செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரிப் படியேறி வரவேற்பில் அவர் பேரைச் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதை நான் கவனித்தேன். உள்ளே அவர் எந்த நிலையில் கிடக்கிறாரோ தெரியாது, இங்கே நான் என் மூச்சைக் கவனித்து மெச்சிக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் நான் என்னை இகழ்ந்துகொண்ட இடங்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம் என்று அன்று நினைத்தேன். இரண்டு நாளில் அதற்கும் போட்டி வந்துவிட்டது.

இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் என்று ஒரு கம்பிவலையை உள்ளே வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அறைக்கு மாற்றியதும் ராதாபுரத்திலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார். கையில் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை, ஒரு பாட்டில் நெய். அவர் என் மதினி. என் கல்யாணத்தன்றே என் சமையலைக் குறை சொன்னவர், அதுவும் நான் இன்னும் அந்த வீட்டு அடுப்பைப் பார்க்காதபோது. வந்ததும் தம்பியின் தலையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திருப்தியாட்டி? ஆனை மாதிரி இருந்தவனப் புல்லும் பூண்டும் போட்டுப் போட்டு இப்படிப் படுக்கப் போட்டுட்டியே. ஒரு சொட்டுப் பால் உண்டா, நெய் உண்டா? நெஞ்சுக்குப் பெலம் எங்கருந்து வரும்?"

"மதினி, அடைப்பே கொழுப்பாலதான் வந்திருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு."

"டாக்டரு சொல்லுவான். நீ சோறு போட்டுத்தான அது வந்துது?"

கூட வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. பத்து மாதமாக என் சமையலைத்தானே சாப்பிட்டார், தினமும் நடந்தாரே, அப்படியும் ஏன் வந்தது? நான் நம்பியது எல்லாம் தப்போ? மதினி கேட்டது அறிவுகெட்ட கேள்விதான்; அறிவுகெட்டவர்கள் கேட்டார்கள் என்பதற்காக அது எனக்கு வலிக்காமல் இல்லை.

அப்போதுதான் கதவைத் தட்டிவிட்டு ஒரு அண்ணாச்சி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். எனக்கு அவரைத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி, பெரிய ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர் என்று அவரே சொன்னார்.

"சார் ரெண்டு நாளா கடைக்கு வரலியேன்னு விசாரிச்சேன். இப்படின்னு சொன்னாவ. மனசு கேக்கல. ஒரு நாள் தவறுனதில்லலா? ஏழேகால் மணின்னா டாண்ணு வந்து, அந்த விசிறிக்குக் கீழ பெஞ்சுல உக்காருவாவ. நாலு பரோட்டா, ஒரு சுக்கா, ஒரு ஆம்லெட். நாங்க கேக்கவே வேண்டாம். 'அண்ணாச்சி, வீட்ல பறவைக்குப் போடுதத எனக்குப் போடுதா, இங்கனதான் நான் மனுசனாச் சாப்பிடுதேன்'னு சொல்லி ஒரே சிரிப்பு. தங்கமான மனுசன். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்துலயே நின்னு பேசிட்டிருப்பாவ. வேர்த்து ஊத்தும். அப்பவும் போவ மாட்டாவ."

உறவுக்காரர்களின் பார்வை என்னைவிட்டுக் கட்டிலுக்குப் போனது. அண்ணாச்சிக்கு என்னவோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. ஆனால் என்ன தப்பு என்று பாவம் புரியவில்லை. ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்போ நான் வாறேன். சீக்கிரமா கடைக்கு... வீட்டுக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கட்டிலைப் பார்த்தேன். மூடிய கண் இன்னும் இறுக்கமாக மூடியிருந்தது. எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? ஆத்திரம், அழுகை, எதுவாவது. எனக்கு வந்தது சந்தோஷம். என் சாப்பாட்டின் மேல் பழி இல்லை என்ற சந்தோஷம். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் நெஞ்சுக்குள் கம்பிவலையோடு கிடக்கிறார். நான் ஜெயித்த வழக்கின் தீர்ப்பு வாசிக்கப்பட்டதுபோல் நிமிர்ந்து நிற்கிறேன். அந்த மனசோடு ஒருத்தி ஆடுமாட்டின் மேல் இரக்கப்பட்டுப் பாலை விட்டாளாம்.

மதினியாவது அடங்குவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "வீட்டுல வாய்க்கு ருசியாப் போட்டிருந்தா அவன் ஏன்ட்டி கடைக்குப் போறான்?" என்றார். உறவுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். மதினி நெய் பாட்டிலை என் கையில் திணித்தார். இப்படிப்பட்ட தலைகளோடு வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம் என்று நான் கீழே போய் வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டேன்.

"பத்து மாசமா நடக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போயிருக்கிய."

"பொய் இல்லட்டி. போகும்போது நடந்துதான் போனேன். வரும்போதும் நடந்துதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"நீ ஒரு நாளாவது 'இது ஒங்களுக்குப் பிடிக்கா'ன்னு கேட்டியா? மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கிட்டுத் தட்ட வைப்ப. தப்புப் பண்ணின பையன முட்டி போட வச்ச மாதிரி இருக்கும் எனக்கு. எத்தன பேர முட்டி போட வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? அந்தக் கடையில ஒருத்தனும் என்னய அப்படிப் பாக்க மாட்டான்."

"பரோட்டா விக்கவன் எதுக்குப் பாக்கான்?"

"சரி. நீ எதுக்குப் பால விட்ட? கொழுப்புன்னு சொல்லாத. ஒனக்குக் கொழுப்பு கொறஞ்சு எவ்வளவு நாளாச்சு."

அப்போதுதான் நான் முதல் தடவையாக வைக்கோல் கன்றைப் பற்றி ஒரு ஆளிடம் சொன்னேன். மாடு எங்கெங்கே நக்கியது என்பதுவரை சொன்னேன். அவர் நூலைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னா சிரிப்பிய."

யோசித்தார். "சிரிச்சிருப்பேன்தான்" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன நேர்மையான பதில்களில் அது ஒன்று.

அதோடு கதை நல்லபடியாக முடிந்திருந்தால் நான் இவ்வளவு கசப்போடு எழுத மாட்டேன். டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியல் கிட்டத்தட்ட என் சமையற்கட்டுதான். பயத்தில் அதை ஒழுங்காகப் பின்பற்றினார். பைய நடக்கத் தொடங்கினார். இந்தத் தடவை நான் கூடவே போனேன். ஆறு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் வாய் ஒரு முழம் நீண்டது. தெருவில் யார் கையில் டீக்கிளாஸைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். "என்னவே, பாலா குடிக்கீரு? அது கன்னுக்குட்டிக்குள்ளதுவே" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு நெய் ஊற்றும்போது கையை நீட்டித் தடுப்பார். என் தம்பி மகள் பிறந்தநாளில் கேக்கைப் பார்த்து, "இதுல ஒரு துண்டுக்கு மைதானத்த ஏழு சுத்து ஓடணும்" என்று சொல்லிப் பிள்ளையை அழவைத்தார். பத்து மாதம் அவர் திருட்டுத்தனமாகத் தின்ற பரோட்டா எனக்கு இதைவிடத் தேவலை என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

போன வருஷம் பள்ளியில் அவருக்குப் பணி நிறைவு விழா. மேடையில் சால்வை போட்டார்கள். ஏற்புரையில், தன் வாழ்க்கையின் திருப்பம் பற்றிப் பேசினார். ஒரு நாள் ஞானோதயம் வந்ததாம். இயற்கை உணவின் மகத்துவத்தை உணர்ந்தாராம். "தொடக்கத்துல என் மனைவிக்கே இதுல நம்பிக்கை இல்ல. பொம்பளைங்க பழக்கத்த லேசுல விட மாட்டாங்க. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இன்னைக்கு அவங்களும் என்னோட ஓடுதாங்க" என்றார். கைதட்டினார்கள். தலைமையாசிரியை முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் திரும்பக் கைகூப்பினேன். மேடையில் நின்ற மனிதரைப் பார்த்தேன். பழைய சட்டை தொளதொளவென்று தொங்க, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. இந்த ஆளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது நான்தானா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியை ஒருத்தி என் காதருகே குனிந்து, "சார் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் மேடம்" என்றாள். "ஆமா" என்றேன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது, தானே தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டே, "நல்லாப் பேசினேனாட்டி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் பேசுனிய. யாரு கதைன்னுதான் தெரியல."

பைக் ஒரு நொடி ஆடி நேரானது.

இப்போது நான் அலுவலகத்துக்குப் போகிறேன், அவர் வீட்டில் இருக்கிறார். சமையல் அவருடையது. நான் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. அந்த விழாவுக்கு மறுநாள் காலையில் எழுந்து வந்தால் அடுப்படியில் காணத்தை வேகவைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் மாதம் எல்லாமே குழைந்தது. உப்பு ஒருநாள் இரண்டு தடவை விழும், ஒருநாள் விழவே விழாது. கீரையில் மண் கடிக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் தின்றேன். பிறகு ஒருநாள் அவர் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"இது ஒனக்குப் பிடிக்கா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். புளி கூடுதல், பயறு வேகவில்லை, தாளித்தது கருகிவிட்டது. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் அதில் இரண்டைச் சரிசெய்திருந்தார், ஒன்றைப் புதிதாகக் கெடுத்திருந்தார். தெருவில் அவர் பிரசங்கம் இன்னும் ஓயவில்லை. யாராவது டீயும் கையுமாகச் சிக்கினால் நான் எதிர்ப்பக்கம் நடந்துவிடுகிறேன். காலையில் இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் ஓடுகிறோம். அவர் வேகம் குறைவு. நான் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரும்போது அவர் எதிரே வந்துகொண்டிருப்பார், முகம் சிவந்து, யாரிடமும் பேச மூச்சில்லாமல். அந்த அரை மணி நேரம் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.